பாட்டுதான் இறங்கி வரணும்!

'கரோக்கி' என்கிற வார்த்தையை முதலில் பிரித்துப் பார்த்துவிடுவோம். ஜப்பானிய பாஷையில் 'கரா' என்றால் காலி. 'ஓகே' என்பது ஆர்கெஸ்ட்ராவின் சுருக்கம். (நாம் எதற்கெடுத்தாலும் சொல்கிறோமே, அந்த 'ஓகே'வுக்கும் இதற்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது!) ஆக, காலி ஆர்கெஸ்ட்ரா. வாத்தியம் ஒலிக்கும், பாடகர் நாற்காலி மட்டும் காலி. அதில் போய் உட்கார வேண்டியது உங்கள் பொறுப்பு. சகித்துக்கொள்ள வேண்டியது மற்றவர்கள் பொறுப்பு.

சகிப்புத்தன்மை என்பதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டைசுகே இனோவே என்கிற ஜப்பான்காரருக்கு 2004-ல் 'இக் நோபல்' சமாதானப் பரிசு கொடுத்தார்கள். இது நிஜ நோபல் இல்லை, அதன் கேலித் தம்பி. கரோக்கியைக் கண்டுபிடித்ததன் மூலம் மனிதர்கள் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளப் புது வழி காட்டினார் என்பதற்காகப் பரிசு!

இனோவே, கோபே நகரத்து பார்களில் வாத்தியம் வாசித்தவர். வாடிக்கையாளர்கள் பாடுவார்கள், இவர் பக்கவாத்தியம். ஒரு கம்பெனி முதலாளி, "வெளியூர் போறேன், நீயும் கூட வா" என்று கூப்பிட்டார். இனோவேக்குப் போக முடியவில்லை. அதற்குப் பதில் அந்த ஆசாமியின் குரலுக்கும் போக்குக்கும் தோதாக வாசித்து, டேப்பில் பதிவு பண்ணிக் கொடுத்தனுப்பினார். முதலாளிக்கு ஏக சந்தோஷம். அதிலிருந்து பிறந்ததுதான் 1971-ல் அவர் செய்த பதினோரு மெஷின்கள். அவற்றை பார்களுக்கு வாடகைக்கு விட்டார். பேடன்ட் மட்டும் வாங்கவில்லை! (1967-லேயே டோக்கியோவில் ஷிகேஇச்சி நெகிஷி என்பவர் இதே மாதிரி ஒரு பெட்டி செய்துவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடிதம் வரும்.)

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் பேடன்ட் சமாசாரம் இல்லை. 'அந்த ஆசாமியின் குரலுக்குத் தோதாக' என்கிற இடம்தான். அதன் அருமை எனக்குத் தெரிந்தது எங்கள் பெரியம்மாவால்.

பெரியம்மாவுக்கு வயசு எழுபத்தி நாலு. ஸ்ரீரங்கத்தில் ஜாகை. கல்யாணத்துக்கு முன்னால் ஸ்கூல் விழா, கோயில் விழா என்று மேடையேறிப் பாடியவர். சுசீலா பாட்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். கல்யாணத்துக்கு அப்புறம் மேடை சமையலறையாகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் கச்சேரி நிற்கவில்லை. தேங்காய் துருவும்போது பல்லவி, ரசம் நுரைக்கும்போது அனுபல்லவி. 2018-ல் தைராய்டு ஆபரேஷன் ஆச்சு. உடம்பு தேறிவிட்டது. மேல் ஸ்தாயி மட்டும் திரும்பி வரவில்லை. நாலைந்து தரம் முயற்சி பண்ணிப் பார்த்தார். குரல் ஏறுகிற இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. ஒருநாள் பாட்டை நிறுத்தினார். யாரிடமும் சொல்லிக்கொண்டு நிறுத்தவில்லை. சமையலறையில் குக்கர் சத்தம் மட்டும் கேட்கிறதே என்று நாங்கள் கவனிப்பதற்கே ஒரு வருஷம் ஆச்சு.

2024-ல் பெரியப்பாவுக்கு சதாபிஷேகம். முதல் நாள் சாயங்காலம் உறவுக்காரர்கள் எல்லோரும் கூடியிருக்கும்போது பாட்டுக் கச்சேரி வைக்கலாம் என்று யோசனை. ஒரு லைட் மியூசிக் கோஷ்டியை விசாரித்தோம். அவர்கள் சொன்ன தொகையில் பெரியப்பாவுக்கு இன்னொரு சதாபிஷேகமே செய்துவிடலாம்!

"அப்பா, லேப்டாப் இருக்கு, ஸ்பீக்கர் இருக்கு. கரோக்கி போட்டுடலாம்" என்றான் என் பையன்.

"அதுக்கு என்னடா வேணும்?"

"டீ.ஜே. சாஃப்ட்வேர் ஒண்ணு போதும்."

டீ.ஜே. என்றதும் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தட்டைச் சுரண்டுகிறவர்தான் எனக்கு ஞாபகம் வந்தார். அதற்கும் சதாபிஷேகத்துக்கும் என்ன பொருத்தம்? பையன் 'விர்ச்சுவல் டீ.ஜே.' என்ற சாஃப்ட்வேரை இறக்கித் திறந்து காட்டினான். (வீட்டில் சொந்த உபயோகத்துக்குக் காசு கேட்பதில்லை.) திரை முழுக்க பட்டன், குமிழ், முள். விமானி அறைக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பயப்படாதீர்கள். முக்கால்வாசி பட்டன்களை ஆயுசுக்கும் தொட வேண்டாம். விஷயம் ரொம்ப எளிது. இரண்டு தட்டுகள், இடது ஒன்று, வலது ஒன்று. நம் வீட்டு இரண்டு பர்னர் அடுப்பு மாதிரி. ஒன்றில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றில் அடுத்த பாட்டைத் தயார் பண்ணி வைக்கலாம். நடுவில் படுக்கை வசத்தில் ஒரு தள்ளுகட்டை. அதை இடமிருந்து வலமாக நகர்த்தினால் இந்தப் பாட்டு தேய்ந்து அந்தப் பாட்டு வளரும். பரிமாறுவதற்கு முன் சாம்பாரை உள்ளங்கையில் விட்டு ருசி பார்ப்பதில்லையா? அதற்குத்தான் ஹெட்ஃபோன். கூட்டத்துக்கு ஒரு பாட்டு போய்க்கொண்டிருக்க, அடுத்ததை நீங்கள் மட்டும் கேட்டுப் பார்க்கலாம். (இதற்கு இரண்டு ஜோடி அவுட்புட் உள்ள சின்னப் பெட்டி ஒன்று தனியாக வேண்டும். வீட்டு விசேஷத்துக்கு அது இல்லாமலே சமாளிக்கலாம்.)

'சிங்க்' என்று ஒரு பட்டன் உண்டு. இரண்டு பாட்டின் தாள வேகத்தையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் அந்தக் காலத்துப் பாட்டில் அதை நம்பாதீர்கள். அப்போது ஐம்பது பேர் ஒரே ஹாலில் உட்கார்ந்து நேரடியாக வாசித்தார்கள். வேகம் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். மனுஷத் தாளம்! கம்ப்யூட்டருக்கு அது பிடிபடாமல் திணறும்.

அடுத்தது கரோக்கி ஃபைல். 'சி.டி.ஜி.' என்று ஒரு பழைய முறை, 1980-களில் வந்தது. பாட்டு ஒரு ஃபைல், வரிகள் ஒரு ஃபைல். இரண்டுக்கும் ஒரே பெயர் இருக்க வேண்டும். ஒன்றின் பெயரை மாற்றினால் இன்னொன்று கோபித்துக்கொண்டு வராது, தம்பதிகள் மாதிரி! வரிகளை அது எழுத்தாக வைத்துக்கொள்ளவில்லை. பதினாறு நிறத்தில் படமாக வைத்துக்கொள்கிறது. அதனால் எந்த பாஷையானாலும் சரி, தமிழானாலும் ஓடும். ஆனால் தமிழ்ப் பாட்டுகள் இப்போது பெரும்பாலும் வீடியோவாகவே கிடைக்கின்றன. லேப்டாப்பை டி.வி.யோடு ஒயரில் இணைத்து, வரிகள் டி.வி.யிலும் குமிழ்கள் லேப்டாப்பிலும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டால் போதும்.

மைக் விஷயத்தில் இரண்டே விதி. ஒன்று, அதை லேப்டாப்பில் சொருகாமல் நேராக ஸ்பீக்கர் பெட்டியிலோ மிக்ஸரிலோ சொருகுங்கள். கம்ப்யூட்டருக்குள் போய் வந்தால் குரல் தாமதமாகக் கேட்கும். பாடுகிறவர் தன் குரலுக்கே எதிர்ப்பாட்டுப் பாட வேண்டி வரும். அதே காரணத்துக்காக புளூடூத் ஸ்பீக்கரும் வேண்டாம். ஒயரே உத்தமம். இரண்டு, ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கோடு போய் நிற்காதீர்கள். மைக் கேட்டதை ஸ்பீக்கர் சொல்ல, ஸ்பீக்கர் சொன்னதை மைக் மறுபடி கேட்க, மாமியார் மருமகள் பேச்சு மாதிரி சத்தம் ஏறிக்கொண்டே போய் 'ஊஊ' என்று ஊளையில் முடியும். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தாலும் அதே கதிதான்.

இதெல்லாம் இரண்டு நாளில் கைவந்துவிட்டது. யார் யார் என்ன பாட்டு என்று லிஸ்ட் தயார். பெரியம்மா பெயர் மட்டும் இல்லை.

"பெரியம்மா, நீங்க ஒண்ணு பாடணும்."

"போடா! அஞ்சரைக் கட்டையிலே பாடிண்டிருந்தவ நான். இப்போ மூணு கட்டைக்கு மேலே தொண்டை மூடிக்கறது. ரெக்கார்டு எனக்காக இறங்கி வருமா?"

வெற்றிலைப் பெட்டியை மூடுகிற மாதிரி 'டக்'கென்று பேச்சை மூடிவிட்டார்.

நம் சங்கீதத்தில் இது ஒரு பிரச்னையே இல்லை என்பதைக் கவனியுங்கள். கர்நாடக சங்கீதத்தில் அவரவர்க்கு ஒரு கட்டை. ஆண்கள் ஒன்று, ஒன்றரை; பெண்கள் ஐந்து, ஐந்தரை. குரல் இறங்கினால் தம்பூராவையும் இறக்கிச் சுருதி சேர்த்துக்கொள்வார்கள். ராகம் அதே ராகம்தான். சினிமாப் பாட்டில்தான் கட்டையை ரெக்கார்டில் ஆணி அடித்து மாட்டிவிட்டார்கள். எட்டுகிறவர் பாடலாம், எட்டாதவர் கேட்கலாம்.

ஆனால் அந்த விமானி அறையில் 'கீ' என்று ஒரு குமிழ் இருந்தது. பையன் அதைத் தட்டிக் காட்டினான். ஒரு தட்டு தட்டினால் பாட்டு அரை ஸ்வரம் இறங்குகிறது. ஆர்மோனியத்தில் பக்கத்துக் கட்டைக்குப் போன மாதிரி. வேகம் துளியும் மாறவில்லை! கேஸட் காலத்தில் இது நடக்காது. வேகத்தைக் குறைத்தால்தான் சுருதி குறையும். பாட்டரி தீரப்போகும்போது சுசீலா, டி.எம்.எஸ். குரலுக்கு இறங்குவாரே, ஞாபகம் இருக்கிறதா? இப்போது கம்ப்யூட்டர் இரண்டையும் கத்தரித்துத் தனித்தனியாக்கிவிட்டது.

பெரியம்மாவின் பாட்டு அறுபதுகளில் வந்தது. கரோக்கியாகக் கிடைக்கவில்லை. குரலை நாமே எடுத்தாக வேண்டும். பழைய உபாயம் ஒன்று உண்டு. ஸ்டீரியோவில் பாடகர் குரலை இடது, வலது இரண்டிலும் சமமாக வைத்திருப்பார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் குரல் அடிபட்டுப் போகும். ஆனால் அந்தக் காலத்து ரெக்கார்டு மோனோ. இரண்டு பக்கமும் ஒன்றேதான். கழித்தால் மிச்சம் பூஜ்யம். மொத்தப் பாட்டும் காலி! இப்போதைய முறை வேறு. ஏராளமான பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு, எது குரல், எது தாளம் என்று கம்ப்யூட்டரே கற்றுக்கொண்டு பிரிக்கிறது. 2019-ல் 'ஸ்ப்ளீட்டர்' என்று ஒன்றை இலவசமாகவே வெளியிட்டார்கள். டீ.ஜே. சாஃப்ட்வேருக்குள்ளும் இந்த வித்தை வந்துவிட்டது. சுத்தமாகப் பிரியாது. குரலின் நிழல் மாதிரி பின்னால் ஏதோ கேட்கும். பாடுகிறவருக்கு அது ஒரு துணை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பையன் நாலு தட்டு தட்டினான். ஐந்தரை... ஐந்து... நாலரை... நாலு... மூன்று கட்டை! வயலின்களுக்கு லேசாக ஜலதோஷம் பிடித்த மாதிரி இருந்தது. அதற்கு மேல் இறக்கினால் ஜுரமே வந்திருக்கும்.

விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால், பெரியம்மா பூத்தொடுத்துக்கொண்டிருந்தபோது ஒன்றும் சொல்லாமல் அதைப் போட்டுவிட்டான். நார் பாதியில் நின்றது. முகப்பு இசை முடிகிற இடத்தில் உதடு அசைந்தது. பல்லவி முழுக்கக் கண்ணைத் திறக்கவில்லை. குரல் கனமாக இருந்தது, பழைய குரல் இல்லை. ஆனால் எங்கேயும் காற்றாகப் போகவில்லை.

முடிந்ததும், "எத்தனை கட்டைடா இது?" என்றார்.

"மூணு, பாட்டி."

"ம்..." என்று பூவைக் கையில் எடுத்துக்கொண்டார். "லிஸ்டிலே பேரை எழுதிக்கோ. கடைசியா வை."

அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரியப்பாவுக்குக் காது மந்தம். மிஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அது பீரோவில் பத்திரமாக இருக்கும். "இந்த வீட்டிலே கேக்கறதுக்கு என்ன இருக்கு?" என்பார். பெரியம்மா மைக்கை வாங்கியதும், "என் மிஷின் எங்கே?" என்று அவரே கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். பாட்டு முடிந்தது. எல்லோரும் கைதட்டினோம். பெரியப்பா மட்டும் தட்டவில்லை.

"ரெண்டாவது சரணத்திலே ஒரு வரி விட்டுட்டே" என்றார். "மறுபடி பாடு."

அறுபதுகளில் வந்த பாட்டு அவருக்கு வரி வரியாக மனப்பாடம் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பெரியம்மாவுக்குமே அன்றைக்குத்தான் தெரியும் என்று நினைக்கிறேன். மறுபடி பாடினார், வரி விடாமல்.

ஆகவே, வீட்டு விசேஷத்துக்குக் கரோக்கி போட நினைக்கிறவர்களே! எந்த சாஃப்ட்வேர், எத்தனை வாட்ஸ் ஸ்பீக்கர் என்று கவலைப்படுவதெல்லாம் அப்புறம். முதலில் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு பெரியவர்களிடம் போங்கள். "என்ன பாட்டு?" என்று மட்டும் கேட்டால், "எனக்கெதுக்குப்பா" என்பார்கள். "உங்களுக்கு எத்தனை கட்டை?" என்று கேட்டுப் பாருங்கள். கட்டை தெரியாதவராக இருந்தால் நாலு வரி முணுமுணுக்கச் சொல்லி, நீங்களே குமிழைத் திருப்பிப் பாட்டை அவர் குரலுக்குக் கொண்டுவாருங்கள். கோபேயில் அந்த முதலாளிக்கு இனோவே செய்து கொடுத்தது இதைத்தான்.

குறித்துக்கொண்ட காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நிச்சயம் இரண்டாவது பாட்டு கேட்பார்கள்.