குழல் நீளமா, கை நிதானமா?

ஜூலை 28, 2024, ஞாயிறு

பாரிஸில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்றுவிட்டார். துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெறும் முதல் இந்தியப் பெண். 2021இல் டோக்கியோவில் தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் பழுதாகி, இறுதி வாய்ப்பை இழந்தவர் இவர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைபிளில் பத்தாம் இடம். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. நம் பக்கத்துப் பெண் என்பதால் மனசு கனத்தது.

"அப்பா, நாமும் ஒரு பிஸ்டல் வாங்கலாமா?" என்றாள் மகள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சென்னையில் ஒரு கடைக்குப் போனோம். .177 அளவு, 20 ஜூலுக்கு மிகாத ஏர் பிஸ்டலுக்கு உரிமம் வேண்டாம். அடையாளச் சான்று மட்டும் கொடுக்க வேண்டும். குழல் நீண்ட ஒன்றைக் கண்டதும் எனக்கு அதன்மேல் ஆசை. மகளோ குட்டைக் குழல் பிஸ்டலையே திரும்பத் திரும்பக் கையில் எடுத்தாள். முடிவெடுக்காமல் ஊர் திரும்பினோம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

இரவு கணக்குப் போட்டேன். குழல் நீண்டால் முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடைவெளி கூடும். குறி பிசகினாலும் இலக்கில் விலகல் குறையும். இடைவெளி 300 மில்லிமீட்டர் என்றால், சைட்டில் அரை மில்லிமீட்டர் பிசகு 10 மீட்டரில் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் ஆகிறது. 360 என்றால் 14. ஆக, நீளத்தால் கிடைக்கும் லாபம் 3 மில்லிமீட்டர். இலக்கில் ஒரு வளையத்தின் அகலமே 8. டிரிகரை வெடுக்கென்று இழுத்தால் இந்த லாபமெல்லாம் ஒரே நொடியில் போய்விடும். போட்டி விதியில் டிரிகர் எடை குறைந்தது 500 கிராம். அதை விரல் பதறாமல் அழுத்தப் பழகுவதுதான் இந்தக் கலையின் உயிர். போதாததற்கு, நீண்ட குழலில் பெல்லட் வெளியேறக் கூடுதல் நேரமாகும். அதுவரை கை அசையக் கூடாது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மகளை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். பிஸ்டலும் கிட்டத்தட்ட அந்த எடைதான். பாட்டிலின் மூடிப் பக்கம் ஒரு சின்னப் பூட்டைக் கட்டியதும் அவள் மணிக்கட்டு சீக்கிரமே தாழ்ந்தது. நீண்ட குழல் கூட்டும் முன்பாரம் என்றால் என்னவென்று இருவருக்கும் புரிந்தது. போட்டியில் 60 குண்டுகளை 75 நிமிடத்தில் சுட வேண்டும். முதல் குண்டுக்குப் பொருந்தும் துப்பாக்கி அறுபதாவதுக்கும் பொருந்த வேண்டுமே.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

குட்டைக் குழலையே வாங்கினோம். அவள் உள்ளங்கைக்குச் சிறிய மரப்பிடி கச்சிதமாக அமைந்தது. தோட்டத்துக் கோடியில் மண்மூட்டைகளை அடுக்கி, அதன்முன் காகித இலக்கை வைத்தோம். கண்ணாடி அணியாமல் சுடக் கூடாது. காகிதம் தவிர வேறெதையும் குறிபார்க்கக் கூடாது. பக்கத்து ஊசுட்டேரி நீர்நிலைக்கு வரும் பறவைகள் வந்துபோகும் ஊர் இது.

தட்டைமுனை பெல்லட்டுகள் வட்ட வட்டமாகத் துளையிட்டன. நாற்பது குண்டுகளுக்குப் பிறகு துளைகள் கீழே இறங்கத் தொடங்கின. "கை சோர்ந்துபோச்சுப்பா" என்றாள். குட்டைக் குழலுக்கே இப்படி. அன்று என் ஆசைப்படி வாங்கியிருந்தால் இருபதிலேயே இறங்கியிருக்கும். பிஸ்டலைப் பீரோவில் பூட்டினேன். நாளையும் தண்ணீர் பாட்டில் பயிற்சி உண்டு.