ஸ்பேனரா... விசிட்டிங் கார்டா?

நீங்க மெக்கானிக்கல் மூணாவது வருஷம்னு வெச்சுக்கோங்க. பிளேஸ்மென்ட் பத்தி சீனியர்கள் சொல்ற கதையெல்லாம் வயித்துல புளியைக் கரைக்குது. அந்த நேரம் பார்த்து ரெண்டு பேர் உங்க கையைப் பிடிச்சு ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறாங்க.

ஒருத்தன் ரூம்மேட். ''மச்சி, ஏசி சர்வீஸ் கம்பெனி ஆரம்பிக்கலாம். ஆளுக்கு 25,000 போடுவோம். மெக்கானிக்கை கமிஷன்ல பிடிச்சுக்கலாம். நாம எதுக்குடா ஸ்பேனரைத் தொடணும்?''

இன்னொருத்தர் பெரியப்பா பையன். பத்தாவது முடிச்சுட்டு ஐ.டி.ஐ-ல ரெண்டு வருஷம் ரெஃப்ரிஜரேஷன் படிச்சவர். ஏழு வருஷமா திருச்சியில ஏசி மெக்கானிக். ''தம்பி, லீவுக்கு என்கூட வா. ஏணியைத் தூக்கு. தொழிலைக் கத்துக்கோ.''

நீங்க யார் பின்னாடி போவீங்க? இது சும்மா கேட்கிற கேள்வி இல்லீங்க. அந்த மூணாவது வருஷப் பையன் நான்தான். சாயங்காலம் டியூஷன் எடுத்துச் சேர்த்த 25,000 என் அக்கவுன்ட்ல தூங்குது!

ரூம்மேட் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. கம்பெனி தொடங்குறது இப்ப பெரிய மலை இல்ல. உத்யம் பதிவு ஆன்லைன்ல இலவசம். பிணையம் கேட்காத முத்ரா கடன்ல 'சிசு' பிரிவுல 50,000 வரைக்கும் கிடைக்கும். நம்ம மாநிலத்துல சர்வீஸ் தொழிலுக்கு வருஷ வியாபாரம் 20 லட்சத்தைத் தாண்டுற வரைக்கும் பொதுவா ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்ல. அப்புறம் என்ன... ஒரு போன் நம்பர், ஒரு விசிட்டிங் கார்டு, நீங்களும் முதலாளி!

இங்கேதான் சிக்கலே. ''ஏசி ஓடுது, கூலிங் இல்ல''னு ஒரு கஸ்டமர் போன் பண்றார். ஃபில்டர்ல தூசி அடைச்சிருக்கலாம். வெளியில இருக்கிற காயில்ல அழுக்கு இருக்கலாம். கெப்பாசிட்டர் வீக்கா இருக்கலாம். நீங்க கமிஷனுக்கு அனுப்பின ஆள் ''கேஸ் இறங்கிருச்சு, ஃபுல் பண்ணணும்''னு சொல்லி பில் போட்டுட்டு வந்துடுறார். சரியா, தப்பா? உங்களுக்கு எப்படித் தெரியும்?

தெர்மோடைனமிக்ஸ் புக்குல அந்த சைக்கிளை நாம வரைஞ்சு மார்க் வாங்கினதுதான். மூடின குழாய்க்குள்ள சுத்துற கேஸ், பைக் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ற சமாச்சாரமே இல்ல. குறைஞ்சிருந்தா எங்கேயோ லீக். ஓட்டையை அடைக்காம ஊத்தினா மறுபடியும் காலி. கஸ்டமர் திட்டப்போறது மெக்கானிக்கை இல்ல, கார்டுல பேர் போட்டிருக்கிற உங்களைத்தான். அதோட, இப்போ நிறைய ஏசியில வர்ற ஆர்-32, ஆர்-290 ரெண்டுமே தீப்பிடிக்கக் கூடிய கேஸ். உள்ள கேஸ் இருக்கும்போது டார்ச்சைப் பிடிச்சா விபரீதம்தான். அது தெரியாத முதலாளி, தெரியாத ஆளை வேலைக்கு அனுப்பினா?

அப்போ அண்ணன் கட்சிதான் ஜெயிச்சுதா? அவசரப்படாதீங்க. அவர்கிட்ட கை இருக்கு, கணக்கு இல்ல. மாசம் 22,000 சம்பளம். தனியா தொழில் தொடங்கணும்னு மூணு வருஷமா சொல்லிட்டே இருக்கார். லீவு நாள்ல தெரிஞ்சவங்க வீட்டுக்குப் போனா காசு கேட்கக் கூச்சப்பட்டு, காபி குடிச்சுட்டு வந்துடுவார்.

ஒரு நாள் ராத்திரி மொட்டை மாடியில உட்கார்ந்து அவருக்காக ஒரு கணக்கு போட்டோம். ஒரு சர்வீஸ் 600 ரூபாய்னு வைங்க. ஒரு நாளைக்கு நாலு. 2,400. ஹெல்பர் கூலி 700, பெட்ரோல் 200 போக 1,500. 26 நாள் ஓடினா 39,000. அண்ணன் முகத்துல பல்பு எரிஞ்சுது. அப்புறம்தான் அவரே சொன்னார்... ''இது வெயில் காலக் கணக்குடா. ஐப்பசி, கார்த்திகையில யாருடா ஏசியைப் பத்தி நினைப்பாங்க?'' வேக்கூம் பம்ப் தேயும், கேஜ் உடையும், செஞ்ச வேலைக்கே ரெண்டாவது தடவை சும்மா போக வேண்டி வரும். வருஷக் கான்ட்ராக்ட் பிடிச்சாதான் மழைக் காலத்துல சோறு. அதைப் பேசி வாங்கத் தெரிஞ்சிருக்கணும். அதுவும் ஒரு தொழில்தான், அதை ஐ.டி.ஐ-ல அவருக்கு யாரும் சொல்லித்தரல.

யோசிச்சுப் பார்த்தா இது 'எது பெரிசு'ங்கிற சண்டையே இல்ல. 'எது முதல்ல'ங்கிற கேள்வி. கணக்கு தெரியாத மெக்கானிக் அதிகபட்சம் சம்பளத்தோட நிப்பார். வேலை தெரியாத முதலாளி அடுத்தவங்க பணத்தையும் சேர்த்துத் தொலைப்பார். அதனால முதல்ல கை, அப்புறம்தான் கார்டு.

முடிவு பண்ணிட்டேன். 25,000 பேங்க்லயே இருக்கட்டும். இந்த லீவு முழுக்க அண்ணனுக்கு ஹெல்பர். பகல்ல அவர் எனக்குக் குழாய் முனையை விரிச்சு லீக் இல்லாம இணைக்கச் சொல்லித்தரணும், ராத்திரி நான் அவருக்கு பில் புக் எழுதச் சொல்லித்தரணும். இதான் டீல்! ரூம்மேட்கிட்ட ''ஒரு சீசன் பொறு, இல்லேன்னா நீயும் ஏணியோட ஒரு முனையைப் பிடி''னு சொல்லியிருக்கேன். முறைச்சுட்டுப் போயிருக்கான்.

அம்மாதான் இன்னும் சமாதானமாகல. ''இன்ஜினீயருக்குப் படிக்கவெச்சது ஏசி கழுவவாடா?''ங்கிறாங்க. பதில் இப்போ என்கிட்ட இல்ல. மழைக் காலத்துலயும் போன் அடிக்கிற மாதிரி ஒரு தொழிலைக் காட்டினாதான் அவங்களுக்கு அது பதில்.

உங்க கையிலயும் ஒரு 'ஐடியா' இருக்கா பாஸ்? கார்டு அடிக்கிறதுக்கு முன்னாடி, அந்த வேலையில கையை அழுக்காக்கிக்கிற ஒருத்தர்கூட பத்து நாள் சுத்திப் பாருங்க. அதுக்கப்புறமும் ஆசை மிச்சம் இருந்தா... தாராளமா அடிங்க கார்டு!