திங்கட்கிழமை வயிற்றுவலி

தம்பிக்குத் திங்கட்கிழமைதான் வயிறு வலிக்கும்.

பிள்ளைச்சாவடியில் கடல் அரிக்காமல் இருக்கக் கொட்டிய கருங்கல் மேல் உட்கார வைத்து அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பேன். நான் பதினொன்றாம் வகுப்பு, அவன் நான்காம் வகுப்பு. 'படகு' என்றால் 'பகடு' என்று எழுதுவான். கண் முன்னால் நிற்பதைக்கூட எழுதத் தெரியாதா என்று ஸ்கேலால் அடித்திருக்கிறேன். நிறைய.

மூன்றாவது தடவை சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனபோது, நர்ஸக்கா பழைய ஓ.பி. சீட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, எல்லாம் திங்கக்கெழமையாவே இருக்கே. அன்னிக்கு ஸ்கூல்ல என்ன?"

தம்பிதான் சொன்னான். "டிக்டேஷன்."

சுவரிலிருந்த கண் பரிசோதனை அட்டையைக் காட்டினார். கோடுகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று கடைசி வரி வரை சரியாகச் சொன்னான். பக்கத்திலிருந்த தடுப்பூசி போஸ்டரை வாசிக்கச் சொன்னார். முதல் வரியைத் தாண்டவில்லை.

"கண்ணு நல்லா இருக்கு. சோம்பேறித்தனமும் இல்ல. இது வேற. பெரிய ஆஸ்பத்திரில காட்டணும்." பிறகு என்னைப் பார்த்தார். "வீட்ல அடிப்பாங்களா?"

"அம்மா எப்பவாவது," என்றேன். தம்பி என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

அவனுக்கு டிஸ்லெக்சியா.

பிறகுதான் தேடிப் படித்தேன். 1902இல் நியூயார்க்கில் கண்நோய், சொறி என்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பி வகுப்புகள் காலியானபோது, லினா ரோஜர்ஸ் என்ற செவிலியரை நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்பதில்தான் அங்கே இந்த வேலை தொடங்கியது. நம் நாட்டில் 2013இல் வந்த ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரமின் பட்டியலில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. மருத்துவர்களோடு ஒரு செவிலியரும் குழுவில் உண்டு. ஆனால் பள்ளிக்கு வருடத்துக்கு ஒருமுறைதான். பல், காது, எடை எல்லாம் பார்க்கிற அந்த ஒருநாளில் திங்கட்கிழமைகளை யார் எண்ணுவது?

2016ஆம் ஆண்டுச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் மாற்றுத்திறனாகச் சேர்த்தது. சான்றிதழ் வாங்கி, கூடுதல் நேரத்தோடு தம்பி பத்தாம் வகுப்பு எழுதினான். இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறான்.

போன மாதம் கேட்டேன்: "அன்னிக்கு ஏன்டா என்னைக் காட்டிக் கொடுக்கல?"

"நீதான இட்டுனு போன," என்றான்.