வலது, இடது, வலது, வலது



என்னிடம் பிளஸ் டூ வேதியியல் படித்தவர்களை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் "வலது, இடது, வலது, வலது" என்று சொல்வீர்கள். குளுக்கோஸ் சங்கிலியின் 2, 3, 4, 5ஆம் கார்பன்களில் ஹைட்ராக்சில் தொகுதி எந்தப் பக்கம் நிற்கிறது என்பதற்கான வாய்ப்பாடு அது. என்.சி.சி. அணிவகுப்பு மாதிரி சொல்ல வைத்தேன். கடைசி பெஞ்சில் காலைத் தட்டித் தாளம் போட்டவர்கள் யார் யார் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது!

இப்போது அதை எழுதக் காரணம் உண்டு. நம் உறவில் ஒருவர் (பெயர் வேண்டாம், படித்தால் அவருக்கே தெரியும்) சீனியை விட்டுவிட்டேன் என்று சொல்லி, தினமும் நான்கு டம்ளர் கருப்பட்டிக் காபி குடிக்கிறார். போதாக்குறைக்குச் சர்க்கரை மாத்திரையையும் தானாகவே பாதியாக்கிவிட்டாராம்.

குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், காலக்டோஸ் மூன்றிலும் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். அணுக்களை எண்ணினால் வேறுபாடே தெரியாது. குளுக்கோஸில் முதல் கார்பன் ஆல்டிஹைடு. ஃபிரக்டோஸில் இரண்டாம் கார்பன் கீட்டோன். காலக்டோஸில் 4ஆம் கார்பனின் 'வலது' மட்டும் 'இடது' ஆகிறது, அவ்வளவுதான். அந்த ஒரு திருப்பத்துக்காக நம் கல்லீரல் தனி நொதிகள் வைத்திருக்கிறது. அவற்றில் முக்கியமான ஒன்று பிறவியிலேயே இல்லாத குழந்தைக்குத் தாய்ப்பாலே ஆகாது.

இந்த வலது இடதைக் கண்டுபிடித்தவர் எமில் ஃபிஷர். 1891இல் எக்ஸ் கதிர்ப் படமெல்லாம் கிடையாது. சோதனைக்குழாயும் தர்க்கமும்தான். சாத்தியமான 16 அமைப்புகளில் ஒவ்வொன்றாகக் கழித்து வந்தவருக்கு, கடைசியில் ஒன்றும் அதன் கண்ணாடி பிம்பமும் மிஞ்சின. இரண்டில் ஒன்றை ஊகமாகத்தான் எடுத்துக்கொண்டார். 1951இல் நெதர்லாந்து விஞ்ஞானிகள் டார்டாரிக் அமில உப்பு ஒன்றை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தபோது அந்த ஊகம் சரியென்று தெரிந்தது. அந்த அமிலம் நம் வீட்டுப் புளியில் இருப்பதுதான். ஃபிஷர் அதைக் கேட்க இல்லை, 1919லேயே போய்விட்டார்.

சரி, கருப்பட்டிக்கு வருவோம். பனையின் பதநீரிலும் கரும்புச் சாற்றிலும் இனிப்புத் தருவது பெரும்பாலும் சுக்ரோஸ். ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் தலையோடு தலை பூட்டிக்கொண்டது. தலை பூட்டியிருப்பதால் சுக்ரோஸைப் பெனிடிக்ட் கரைசலோடு சூடாக்கினாலும் நீலம் மாறாது, லேபில் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் சிறுகுடலில் ஒரு நொதி அந்தப் பூட்டைத் திறந்துவிடும். வந்தது கரும்பா பனையா என்று அது விசாரிப்பதில்லை. கருப்பட்டியில் தாது உப்புகள் கொஞ்சம் உண்டு, மணமும் உண்டு, மறுக்கவில்லை. தேனில் பூட்டைத் தேனீயே திறந்து வைத்துவிடுகிறது, நம் குடலுக்கு அந்த வேலையும் மிச்சம்.

என் அப்பாவும் சீனியை விட்டு, கருப்பட்டிக்கு மாறியவர்தான். அப்போது வீட்டில் குளுக்கோமீட்டர் கிடையாது. பெனிடிக்ட் கரைசல் 5 மில்லி, சிறுநீர் 8 சொட்டு, ஸ்பிரிட் விளக்கில் சூடாக்குவது பள்ளிக்கூடப் பையனான என் வேலை. நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய்ச் செங்கல் நிறத்தில் நிற்கும். "கருப்பட்டி குளிர்ச்சிடா, ஒன்னும் செய்யாது" என்பார். கால் கட்டைவிரல் புண் ஆறவே இல்லை. விரலை எடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பாதத்தையும் எடுத்தார்கள்.

அந்தச் செங்கல் நிறம் எப்படி வந்தது? தண்ணீரில் குளுக்கோஸ் நீட்டி நிற்பதில்லை, வளையமாகச் சுருண்டுகொள்ளும். திறந்த சங்கிலியாக இருப்பது ஆயிரத்தில் ஒன்றுகூடத் தேறாது. ஆனால் வளையங்கள் திறந்து திறந்து மூடுகின்றன. திறக்கும் நொடியில் அந்த ஆல்டிஹைடு முனை தாமிரத்தோடு வினைபுரிந்துவிடுகிறது.

ரத்தத்திலும் இதே கதைதான். திறந்த முனை ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். உள்ளே ஒரு சிறு மாற்றம் நடந்ததும் பிறகு விடாது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது, ஒட்டியதும் அதோடேயே சுற்றுகிறது. டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஹெச்பிஏ1சி அளப்பது அதைத்தான். ரத்தத்தில் குளுக்கோஸ் எவ்வளவு அதிகமோ, ஒட்டுவதும் அவ்வளவு அதிகம். மூன்று மாதக் கணக்கு அதில் எழுதியிருக்கும். மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ அந்தக் கணக்கைப் பார்த்து டாக்டர் செய்ய வேண்டிய வேலை.

அடுத்த வாரம் அந்தச் சோதனைக்குப் போகிற உறவினர்கள் இரண்டு நாள் கோதுமைக் கஞ்சி குடித்து ஏமாற்றலாம் என்று நினைக்க வேண்டாம். தீபாவளிக்குத் தின்ற அதிரசமும் அதில் இருக்கும்.