மாற்றுவழியும் அதன் பதிவேடும்

நம் கல்லூரி நூல்நிலையத்திற்கு இணையம் வரும் வழிகள் இரண்டு: ஒன்று ஃபைபர் கம்பி, மற்றொன்று செல்பேசிக் கோபுரம். 1983ஆம் ஆண்டில் மைக் மூஸ் என்பார் இயற்றிய பிங் என்னும் சிறு நிரலின் முறைப்படி, ரௌட்டரானது தொலைவிலுள்ள கணினியொன்றைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை வினவும். மறுமொழி பன்முறை வாராதொழியின், முதல்வழி பழுதெனத் தேறி இரண்டாம் வழிக்கு மாறும்.

படிப்போர் இம்மாற்றத்தை உணரார். நன்மையும் அதுவே; அபாயமும் அதுவே. துணைவழி சுமையேற்றிருப்பதை அறியாதார் முதல்வழியைச் செப்பனிட முயலார். ஆதலின் காலைதோறும் ரௌட்டரின் பதிவேட்டை நோக்குதல் நமது வழக்கம். இப்பொழுது நடப்பது எவ்வழி, மாறியது எந்நேரம், எத்தனை முறை என்பனவெல்லாம் அதிற் காணலாம்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், ஃபைபர் வழி மூன்று நாட்களாய்ச் செயலற்றுக் கிடந்தமையை அப்பதிவேடு காட்டிற்று. அதுவரை குறைகூறினார் ஒருவருமிலர். அன்றே பழுது நீக்கப்பட்டது. மறுநாட் பெருமழையில் கோபுரம் ஓய்ந்தது. அந்நாளோ உதவித்தொகை விண்ணப்பத்திற்குக் கடைசி நாள்! மாணாக்கர் எண்மரின் விண்ணப்பங்கள் ஃபைபர் வழியே தடையின்றிச் சென்றன.

இணையம் ஓடுகின்றதா என்று வினவுதல் மட்டும் போதாது. எவ்வழியில் ஓடுகின்றது என்றும் வினவுவோமாக.