தானியங்கி அறியாத இறக்கம்

'தானியங்கி' என்னும் சொல்லிலேயே ஒரு மயக்கம் ஒளிந்திருக்கிறது. கருவி தானே இயங்குமாயின் நாம் எதையும் தேர்ந்துகொள்ள வேண்டியதில்லை என்று மனம் எளிதாக முடிவுகட்டிவிடுகிறது. அம்மயக்கத்தில் நாமும் சில மாதங்கள் இருந்தோம். அதிலிருந்து நம்மை எழுப்பியது ஒரு கருகல் நாற்றம்.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் நாம் பணியாற்றிய காலம் அது. 2017-ஆம் ஆண்டில், ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் தம் பழைய காரை நம் பயன்பாட்டுக்கெனக் கொடுத்தார். 1986-இல் உருவான மெர்சிடிஸ் 250 டி. ஐந்து சிலிண்டர்கள் கொண்ட டீசல் எஞ்சின், 90 குதிரைத்திறன், நான்கு கட்டத் தானியங்கிக் கியர்ப்பெட்டி. முப்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு அந்நாட்டில் வழங்கப்படும் 'எச்' எழுத்துப் பதிவுப்பலகையை அது ஏற்கெனவே பெற்றிருந்தது. சாவியைக் கையில் தந்தபோது, "அந்தக் கோலோடு பழகிக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னார். தாயகத்தில் கிளச்சை மிதித்தே இடக்கால் தேய்ந்தவர் நாம். கியர்க்கோலை 'டி'யில் வைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணினோம். அதற்குக் கீழே '3' என்றும் '2' என்றும் இரண்டு இலக்கங்கள் இருந்தன. அவை எதற்கென்று நாம் கேட்கவில்லை.

ஸ்டுட்கார்ட் ஒரு கிண்ணம் போன்ற நகரம். நடுநகர் பள்ளத்தில் கிடக்க, குடியிருப்புகள் சுற்றியுள்ள குன்றுகளின்மேல் ஏறியிருக்கின்றன. டேகர்லோக் என்னும் மேட்டுப்பகுதியிலிருந்து நடுநகருக்கு இறங்க, 1831-இல் நிறைவுற்ற 'நோயே வைன்ஸ்டைகெ' என்னும் சாலை வளைந்து வளைந்து செல்கிறது. இறங்கும் உயரம் ஏறத்தாழ 200 மீட்டர். அதே மேட்டிலிருந்து 1884 முதல் ஒரு பல்சக்கர இரயிலும் ஏறி இறங்குகிறது.

அவ்வாண்டு இலையுதிர் காலத்து மாலை ஒன்றில், முதிய அம்மையார் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். கோல் 'டி'யில், நம் வலக்கால் பிரேக்கில். மேலிருந்து கீழ்வரை காலை எடுக்காமலே இறங்கினோம். பாதி வழியில் அம்மையார், "எதுவோ கருகுகிறது போலிருக்கிறதே?" என்றார். வெளியிலிருந்து வரும் மணம் என்று நாம் சமாதானம் சொன்னோம். அடிவாரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. பள்ளிச் சிறுவர் சிலர் சாலையைக் கடந்துகொண்டிருந்தனர். பிரேக்கை மிதித்தோம், வழக்கமான பிடிப்பு இல்லை. முழு வலிமையோடு மிதித்தபின் நிறுத்தக் கோட்டைச் சற்றே தாண்டி வண்டி நின்றது. சிறுவருள் ஒருவன் நம்மைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தான். அப்பார்வையை இன்றும் மறந்தோமில்லை.

மறுநாள் அம்முதியவரிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "பிரேக்கின்மேல் பழி இல்லை. நீங்கள் அதைத் தனியே உழைக்க விட்டுவிட்டீர்கள்" என்றார். பின்னர்ப் பொறுமையாக விளக்கினார்.

அக்காலத்துக் கியர்ப்பெட்டி அறிவன இரண்டே: வண்டி என்ன வேகத்தில் ஓடுகிறது, ஆக்சிலரேட்டரை நாம் எவ்வளவு மிதித்திருக்கிறோம். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டால், 'ஓட்டுநர் சமவெளியில் சுகமாகப் போகிறார்' என்று அது எண்ணிக்கொள்கிறது. மேல் கியருக்கு மாறிவிடுகிறது. அந்த நான்காம் கியரில் எஞ்சினின் தடுப்பு மிகக் குறைவு. பெட்ரோல் எஞ்சினில், ஆக்சிலரேட்டரை விட்டதும் காற்று வரும் வழி அடைபடுவதால் ஓரளவு இழுப்பு ஏற்படும். பழைய டீசல் எஞ்சினிலோ அவ்வழி அடைபடுவதில்லை. மேலும் எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் நடுவே எண்ணெயின் ஓட்டமே விசையைக் கடத்துவதால், இருக்கும் பிடிப்பிலும் சிறிது நழுவிப்போகிறது. எஞ்சியது முழுவதையும் பிரேக்கே தாங்க வேண்டும். ஏறத்தாழ 1,400 கிலோ எடை 200 மீட்டர் இறங்கும்போது அத்தனை ஆற்றலும் வெப்பமாகி அதன் தட்டுகளில் சேர்கிறது. வெப்பம் மிகுந்தால் பிடிப்புத் தளர்கிறது.

"ஆகவே, இறக்கம் தொடங்கும் முன்பே 3-க்கு மாற்றுங்கள். செங்குத்தான சந்துகளில் 2. ஆனால் முதலில் பிரேக்கால் வேகத்தைத் தணித்துவிட்டுப் பிறகு கோலை நகர்த்துங்கள். விரைந்தோடும்போது 2-க்குத் தள்ளினால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழலும். பிரேக்கை ஓயாமல் அழுத்தாதீர்கள், அழுத்தி, விட்டு, மீண்டும் அழுத்துங்கள்" என்றார்.

நகரப் போக்குவரத்தின் ஏனைய வழக்கங்களையும் அன்று கற்றோம். சமதளத்தில் 'டி' போதும். மேட்டில் ஏறுகையில் கியர்ப்பெட்டி மூன்றுக்கும் நான்குக்குமாக மாறி மாறித் தடுமாறினால், 3-இல் நிறுத்திவிட வேண்டும். வண்டியும் அமைதியாக ஏறும், எண்ணெயும் வீணே சூடேறாது. குறைந்த சுழற்சியில் எஞ்சினை வருத்தினால் டீசல் கரும்புகை கக்கும். ஒரு கியர் கீழே இருந்தால் அது மட்டுப்படும். சிவப்பு விளக்கில் சிறிது நேரமே நிற்பதாயின் 'டி'யிலேயே பிரேக்கைப் பிடித்திருக்கலாம். நொடிக்கொருமுறை 'என்'னுக்கும் 'டி'க்குமாக மாற்றுவது உள்ளிருக்கும் பிடிப்புத் தட்டுகளைத் தேய்க்கும். நெடுநேரம் நிற்க நேர்ந்தால் 'என்' நல்லது. ஆனால் டீசல் மிச்சமாகும் என்றெண்ணி இறக்கத்தில் 'என்'னில் உருட்டுவது மட்டும் ஒருபோதும் கூடாது. எஞ்சின் தரும் சிறு பிடிப்பையும் நாமே அறுத்துவிடுகிறோம்.

2019 சனவரி முதல் நாளன்று, 'யூரோ 4' தரமும் அதற்குக் கீழ்ப்பட்டதுமான டீசல் வண்டிகளுக்கு ஸ்டுட்கார்ட்டில் தடை நடைமுறைக்கு வந்தது. நம் வண்டிக்கு மட்டும் 'எச்' பலகையால் விலக்கு. அவ்விலக்கை நாம் பெருமையாகக் கொள்ளவில்லை. கிண்ணத்தின் அடியில் வாழும் மக்கள் நம் புகையையும் மூச்சில் வாங்குகிறார்கள் என்பது தெரியும். ஆதலின் நோயாளரையும் முதியோரையும் ஏற்றிச் செல்லும் நாள்களில் மட்டும் காரை எடுத்தோம். மற்ற நாள்களில் பல்சக்கர இரயிலே போதுமாயிற்று. அதில் அமர்ந்து இறங்கும்போதெல்லாம், சக்கரத்தின் பற்கள் தண்டவாளத்தின் பற்களை ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு இறங்குவதை உணர்வோம். 3-ஆம் எண்ணின் பொருளும் அதுதானே என்று நினைத்துக்கொள்வோம்.

கியர்ப்பெட்டி குறைபாடுள்ளதன்று. தன் காலடியில் உள்ளதை அது பிழையின்றி அறிகிறது. முன்னால் உள்ள இறக்கத்தையும், அடிவாரத்தில் கடந்துசெல்லும் சிறுவரையும் அதனால் காண இயலாது. அவற்றைக் காணும் கண் ஓட்டுநருக்கே உண்டு. அக்கண்ணை மூடிக்கொண்டு, 'எல்லாம் தானே நடக்கும்' என்று நாம் அமர்ந்திருந்ததே அன்றைய பிழை.

அடுத்த மாதம் அதே அம்மையாரை அதே வழியில் அழைத்துச் சென்றோம். டேகர்லோக்கிலிருந்து சாலை சரியத் தொடங்கும் முன்பே கோலை 3-க்கு இழுத்தோம். எஞ்சின் குரலை உயர்த்தியது. அம்மையார் சற்றே கலங்கி, "ஏன் இப்படிச் சத்தமிடுகிறது?" என்று கேட்டார்.

"நம்மைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அம்மா" என்றோம்.

அடிவாரத்தில் விளக்கு சிவந்தது. பிரேக்கை மெல்ல மிதித்தோம். வண்டி கோட்டுக்கு முன்பே நின்றது. இம்முறை யாரும் நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை.