புதுப்பேட்டையில் எது கிடைக்காது?

எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்துபோகிற தூரத்தில் இரண்டு மியூசியங்கள் உண்டு. ஒன்று, பாந்தியன் ரோட்டில் இருக்கிற, 1851-ல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம். டிக்கெட் வாங்கினால் திருவாலங்காட்டு நடராஜரைத் தரிசிக்கலாம். இன்னொன்று, அங்கிருந்து கூவத்தைப் பார்த்துக் கொஞ்சம் நடந்தால் வருகிற புதுப்பேட்டை. டிக்கெட் கிடையாது. ஆனால் சட்டையில் கிரீஸ் படாமல் வெளியே வந்தவரும் கிடையாது!

புதுப்பேட்டையைப் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன வர்ணனை. கதவுகளைத் துணி காயப்போட்ட மாதிரி தொங்க விட்டிருப்பார்கள். ஹெட்லைட்டுகள் வரிசையாக உட்கார்ந்து போகிற வருகிறவர்களை முறைக்கும். ஒரு கடையில் கதவு மட்டும், ஒரு கடையில் கண்ணாடி மட்டும், ஒரு கடையில் லைட் மட்டும்... ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்கள் தோற்றார்கள் போங்கள்! 2014-ல் தயாரிப்பு நின்றுபோன அம்பாஸடரின் மூக்கும் முழியும்கூட ஏதாவது ஒரு மூலையில் கண்ணில் படும். தரையா? அது தார் ரோடா, எண்ணெய் ஊறிய மண்ணா என்று ஆராயாமல் நடப்பதே உத்தமம்.

எனக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? சொந்தமாக ஸ்கூட்டர் தவிர வேறு வாகனம் இல்லாத எனக்கு ஒரு வேலையும் இல்லைதான். வேலை என் மச்சானுக்கு. மனைவியின் தம்பி. நாகப்பட்டினத்தில் ஒரு கூட்டுறவு சங்கத்தில் கணக்கர். அப்பா, அம்மா, மனைவி, இரண்டு குழந்தைகள். கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் இரண்டு ஆட்டோ பிடிக்கவேண்டிய குடும்பம். பி.எஃப். பணத்தில் கைவைத்து ஒரு பழைய ஏழு சீட்டர் எஸ்.யூ.வி. வாங்க முடிவு பண்ணிவிட்டான். வண்டி வேளச்சேரியில் இருக்கிறது. வயது பன்னிரண்டு. விலை 4,25,000. பத்தாயிரம் அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. மிச்சப் பணம் திங்கட்கிழமைக்குள்.

"இன்ஜின் சூப்பரா இருக்குன்னு மெக்கானிக் சொல்லிட்டாரு அத்தான். பாடியை மட்டும் நீங்க ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க" என்றான்.

பி.காம். படித்தவனுக்கு பாலன்ஸ் ஷீட் பார்க்கத் தெரியும். பம்பர் பார்க்கத் தெரியுமா? அதனால்தான் சனிக்கிழமை காலையில் அவனைப் புதுப்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு பாய் இருக்கிறார். நாற்பது வருஷமாக வண்டிகளைப் பிரித்துப் போடுகிறவர். ஒரு வண்டி எப்படிச் சாகும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்?

நம் வீடுகளுக்கு இந்தப் பெரிய வண்டி மோகம் எப்போது வந்தது என்று யோசித்தால், 1994-ல் டாடா சுமோ வந்ததிலிருந்து என்று சொல்லலாம். (சுமந்த் மூல்காவ்கர் என்ற பெரியவரின் பெயரைச் சுருக்கியதுதான் 'சுமோ'. ஜப்பான் மல்யுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!) 2000-ல் குவாலிஸ், 2002-ல் ஸ்கார்பியோ என்று வரிசை நீண்டது. குலதெய்வம் கோயிலுக்கு மொத்தக் குடும்பமும் ஒரே வண்டியில் போகிற காலம் பிறந்தது. மச்சான் பார்த்த வண்டி எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்காதீர்கள். ஆசிரியருக்கு வக்கீல் நோட்டீஸ் வரும். தவிர, நான் சொல்லப்போகிற வியாதி ஒரு ஜாதி வண்டிக்கு மட்டும் உரியதல்ல.

பாய் முதலில் டீ சொன்னார். அப்புறம் ஒரு பொன்மொழி சொன்னார்.

"தம்பி, இங்க என்ன குவிஞ்சு கெடக்குதுன்னு பாக்காதீங்க. என்ன இல்லேன்னு பாருங்க. கெடாத சாமான்தான் குவியும். கெடற சாமான் வந்த அன்னிக்கே போயிடும்."

மூன்று வருஷம் காலேஜில் டிமாண்ட், சப்ளை என்று உருப்போட்டேன். இவ்வளவு சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் எனக்கு விளக்கியதில்லை!

"அப்படின்னா முன்பக்க பம்பரும் ஹெட்லைட்டும்கூட சீக்கிரம் போயிடுமே பாய்?"

"அது வியாதி இல்ல தம்பி, விபத்து. முட்டினா உடையும். முட்டாமலே எது போகுதுன்னு பாருங்க. அதான் வியாதி."

பார்த்தோம். நம்மூர் ஏழு சீட்டர்களின் இன்ஜின்கள் அங்கே கொலுப்பொம்மை மாதிரி அடுக்கியிருந்தன. கியர் பாக்ஸ் இருந்தது. ஆக்ஸில் இருந்தது. இல்லாதது என்ன? முதலில், வெளிப்பக்கக் கதவுக் கைப்பிடி. அதிலும் இடது பக்கப் பின்கதவுக் கைப்பிடி. "நம்ம நாட்டுல பிளாட்பாரம் இடது பக்கம். புள்ளைங்க ஏறி இறங்குறது அந்தப் பக்கம்தான். லாக் போட்டிருக்கும்போதே நாலு தடவை இழுக்கும். பிளாஸ்டிக் எத்தனை நாள் தாங்கும்?" என்றார் பாய். அடுத்தது ஃபுட்போர்டு. பலகை இருந்தது. அதைப் பாடியோடு பிடித்து நிறுத்துகிற கிளாம்ப் இல்லை. துருவில் போயிருக்கும். அந்தக் கிளாம்பை நம்பித்தான் மச்சானின் அம்மா, அதாவது என் மாமியார், ஒரு காலை ஊன்றி ஏறவேண்டும். (மாமியாரின் எடையைப் பற்றி நான் ஒன்றும் எழுதுவதாக இல்லை. வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறோம்.)

கதவுகள் தொங்கினவே, அவற்றின் அடிவிளிம்பைப் பாருங்கள் என்றார் பாய். பாதிக் கதவுகளுக்குக் கீழ்விளிம்பு எலி கடித்த அப்பளம் மாதிரி இருந்தது. விஷயம் இதுதான். மழை பெய்தால் கதவுக் கண்ணாடி வழியாகத் தண்ணீர் கதவுக்கு உள்ளே இறங்கத்தான் செய்யும். அது வெளியேற கதவின் அடியில் சின்னத் துவாரங்கள் வைத்திருப்பார்கள். சேறும் தூசியும் அதை அடைத்துவிட்டால் கதவே ஒரு தொட்டி! துரு உள்ளேயிருந்து தின்றுகொண்டு வரும். வெளியே பெயின்ட்டில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே கதை முடிந்திருக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் கதவைத் திறந்து ஆட்டிப் பாருங்கள். 'களக் களக்' என்று சத்தம் கேட்டால் ஒரு கம்பியை எடுத்துத் துவாரத்தைக் குத்துங்கள். செலவு பூஜ்யம்.

பக்கத்து மியூசியத்தில் நடராஜர் ஆயிரம் வருஷமாக அப்படியே இருக்க, பன்னிரண்டு வருஷத்துக் கதவு ஏன் இப்படி உதிர்கிறது? செம்பு கலந்த உலோகத்தின் மேல் படிகிற படலம் பெரும்பாலும் உடம்போடு ஒட்டி நின்று உள்ளே இருப்பதைக் காக்கும். இரும்பின் துரு நேர் எதிர். தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால் உப்பும், பொரியும், உதிரும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு தெரியும். தண்ணீருக்கு அடுத்த பந்தி ரெடி!

கம்பெனிக்காரர்கள் இதற்கு வைத்தியம் பண்ணாமல் இல்லை. பெயின்ட் அடிக்குமுன் முழு பாடியையும் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, ப்ரைமர் ஏற்றுகிறார்கள். நாம்தான் வண்டி வந்த மறுவாரமே ஜி.பி. ரோட்டுக்கு ஓடி, கூரையில் கேரியர், பக்கத்தில் அலங்காரம் என்று ட்ரில்லிங் மெஷினால் ஓட்டை போடுகிறோம். ஓட்டையின் விளிம்பில் இருப்பது வெற்று இரும்பு. அங்கே ஒரு சொட்டு பெயின்ட் வைக்க எவருக்கும் நேரமில்லை. கூரைத் துணியில் பழுப்பாக வட்டம் தெரிந்தால் கேரியர் போல்ட் வழியாக மழை இறங்குகிறது என்று அர்த்தம்.

"எல்லாத்தையும் விட முக்கியமா ஒண்ணு பாருங்க" என்று பாய் எங்களைக் கடைசிக்கு அழைத்துப் போனார். ஸ்பேர் வீல் தொங்குகிற பின்கதவு. "இந்தக் கதவு இருக்கும். இதோட கீல் இருக்காது."

யோசித்துப் பாருங்கள். இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள சக்கரத்தைக் கதவு ராத்திரி பகலாகச் சுமக்கிறது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அது ஒருமுறை குதிக்கிறது. கீலின் ஊசி தேயும், கதவு தொங்கும், லாக் சரியாக உட்காராது. 'தடதட' சத்தம் வரும். நாம் பாட்டு வால்யூமைக் கூட்டிவிடுவோம். ஆனால் சங்கதி சத்தம் இல்லை. கதவு தொங்கினால் சுற்றியிருக்கிற ரப்பர் பீடிங் அழுந்தாது. பெட்டி மாதிரி இருக்கிற வண்டி வேகமாகப் போகும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. தூசியும் சைலன்ஸர் புகையும் சுழன்று வந்து பின்கதவில் அப்பும். இடுக்கு இருந்தால் உள்ளே நுழையும். முன் ஜன்னலைத் திறந்தால் சரியாகும் என்று நினைப்போம். சில சமயம் அதுவே புகையை இன்னும் உள்ளே இழுக்கும்.

அந்தக் கதவை ஒட்டி உட்காருவது யார்? குழந்தைகள்.

மச்சான் டீயைப் பாதியில் வைத்துவிட்டான்.

மத்தியானம் வேளச்சேரி. போகிற வழியில் ஒரு பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்குக் காந்தம் ஒன்று வாங்கி, கைக்குட்டையில் சுற்றிக்கொண்டோம். வண்டி புதுமாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நின்றது. வேளச்சேரி என்றால் முதல் கேள்வி வெள்ளம்தானே? 2015-லும் 2023-லும் டிசம்பர் மாதத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்ற வண்டிகள் இப்போது எங்கெங்கோ ஓடுகின்றன. சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பார்த்தோம். வெள்ளத்தில் நின்றிருந்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். இல்லை. சீட் போல்ட்டுகளிலும் துரு இல்லை. சந்தோஷம்.

காந்தத்தைக் கதவில் வைத்தோம், ஒட்டியது. பானெட்டில் ஒட்டியது. இடது பின்சக்கரத்துக்கு மேலே வளைவில் வைத்தோம். 'பொத்'தென்று விழுந்தது! அங்கே இரும்பு இல்லை, பட்டி. (பிளாஸ்டிக் பம்பரில் வைத்துவிட்டு விற்பவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அங்கே ஒட்டாது.) பின்கதவைத் திறந்து கீழ்மூலையைப் பிடித்துத் தூக்கினேன். விரல் தடிமனுக்கு மேலே எழும்பியது. மச்சான் குனிந்து பீடிங்கைக் கையால் துடைத்தான். விரல் கறுப்பாகிவிட்டது.

விற்பவர் நல்ல மனிதர். தானாகவே சொன்னார்: "எங்க பையன் கடைசி சீட்டுல உக்காந்தா மட்டும் வாந்தி எடுப்பான் சார். அவனுக்கு வண்டிப் பிரயாணம் ஒத்துக்காது."

நானும் மச்சானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். எல்லா வாந்திக்கும் புகைதான் காரணம் என்று நான் டாக்டர் வேலை பார்க்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கறுப்பு விரலைக் காட்டியபோது அவர் முகம் மாறியதை மறக்க முடியாது. ஆறு வருஷமாகப் பையனுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்து மோந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

அடியில் படுத்துப் பார்த்ததில் சேஸிஸ் கெட்டியாக இருந்தது. மச்சான் கணக்கரல்லவா? கீல், பீடிங், வளைவுக்கு டிங்கரிங், ஃபுட்போர்டு கிளாம்ப், பெயின்ட் என்று பேப்பரில் வரிசையாக எழுதிக் கூட்டிக் காட்டினான். அவர் வாதாடவில்லை. 35,000 குறைத்தார். மச்சானின் ஒரே நிபந்தனை தனக்குத்தானே போட்டுக்கொண்டது: பின்கதவு சரியாகும்வரை குழந்தைகளை அந்த வண்டியில் ஏற்றுவதில்லை.

பணத்தைக் கட்டிவிட்டு திங்கட்கிழமை சாயந்திரம் மறுபடியும் பாயிடம் போனோம். நாகப்பட்டினத்துக்குப் போகிற வண்டி என்றதும் அவர் இன்னும் கொஞ்சம் பாடம் எடுத்தார். கடல் காற்றில் உப்பு உண்டு. உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் மேலே பளபளவென்று துடைப்பதைவிட, அடிப்பாகத்தையும் சக்கர வளைவின் உள்பக்கத்தையும் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவவேண்டும். கீல்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ். எந்தப் பழைய சாமானும் பில் இல்லாமல் வாங்கக்கூடாது. பிரேக்கும் சீட் பெல்ட்டும் பில் கொடுத்தாலும் பழசு வாங்கக்கூடாது. சாமான் விற்கிறவரே இதைச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள்!

மச்சான் லிஸ்ட்டை நீட்டினான். கைப்பிடி, அன்று காலைதான் ஒன்று வந்ததாம், கிடைத்தது. பாய் மற்றதையெல்லாம் 'இல்லை, இல்லை' என்று பேனாவால் அடித்துக்கொண்டே வந்தார். பின்கதவுக் கீலுக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டார்.

"இதைப் புதுசா ஷோரூம்லதான் வாங்கணும் தம்பி. நான்தான் சொன்னேனே, நம்மகிட்ட நிக்காதுன்னு."

மச்சானின் முகம் வாடியதைப் பார்த்து அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. எழுந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அன்பாகக் கேட்டார்:

"உங்க வண்டிக்கு இன்ஜின் மூணு இருக்கு. ஒண்ணு எடுத்துக்கிறீங்களா?"